முதலில் சிறைக்குள் புகார், அப்புறம் வழக்கு

டெக்சாஸ் மாநிலச் சிறையில் உங்கள் தம்பிக்கு இன்சுலின் சரியாகத் தருவதில்லை, வக்கீல் இல்லாமல் அவரே வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் முதலில் சிறைக்குள்ளேயே இரண்டு கட்டப் புகாரையும் முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு தள்ளுபடியாகிவிடும். முதல் கட்டத்துக்கு 15 நாள்தான் கெடு, உடனே எழுதச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் ஊசி தவறியது, யாரிடம் கேட்டார், என்ன பதில் வந்தது, எல்லாம் அதில் இருக்கட்டும். நகல் ஒன்று உங்களிடம் இருப்பது நல்லது.

கைதியின் கடும் நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்வது அரசமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் சொன்னதும் ஒரு டெக்சாஸ் கைதி கைப்பட எழுதிய மனுவில்தான். கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குக் கட்டணம் 405 டாலர். பணமில்லை என்று மனுப் போட்டால் 350 டாலரை மட்டும் அவர் சிறைக் கணக்கில் தவணையாகப் பிடிப்பார்கள்.