சுண்ணாம்புக் கணக்கில் சமன்பாடு இரண்டா, மூன்றா?

கேள்வி: காரைக்குடியில் வேதிப் பொறியியல் படிக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு பற்றிய ப்ராஜெக்டில் மூன்று சமன்பாடுகள் எழுதினேன். ஒன்று காளவாயில், ஒன்று நீற்றும் தொட்டியில், ஒன்று சுவரில் நடப்பது. ‘இதில் இரண்டுதான் சாராதவை’ என்கிறார் பேராசிரியர். மூன்றும் வேறு வேறு இடத்தில் நடக்கின்றனவே?

பதில்: பேராசிரியர் சொன்னது சரி. நடக்கும் இடமும் காலமும் இந்தக் கேள்விக்குள் வராது. மற்ற சமன்பாடுகளை எண்ணால் பெருக்கி, கூட்டிக் கழித்து இந்தச் சமன்பாட்டைக் கொண்டுவர முடியுமா? முடிந்தால் அது சார்ந்தது. அவ்வளவுதான் சோதனை.

உங்கள் மூன்றும் இவை:

கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்ஸைடு + கார்பன் டைஆக்ஸைடு
கால்சியம் ஆக்ஸைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்ஸைடு
கால்சியம் ஹைட்ராக்ஸைடு + கார்பன் டைஆக்ஸைடு → கால்சியம் கார்பனேட் + நீர்

மூன்றையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் அடிபட்டு ஒன்றுமே மிஞ்சாது. காளவாய்க்குப் போன சுண்ணாம்புக்கல் பட்டாலைச் சுவரில் மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே வந்து உட்காருகிறது அல்லவா, அதைத்தான் இந்தக் கூட்டல் சொல்கிறது. எந்த இரண்டை வைத்துக்கொண்டாலும் மூன்றாவது அவற்றிலிருந்து கிடைத்துவிடும். வெப்பக் கணக்கும் ஒத்துப்போகிறது: ஒரு மோலுக்குக் கல்லைச் சுட ஏறத்தாழ 178 கிலோஜூல் செலவு, நீற்றும்போது 65, இறுகும்போது 113 திரும்பி வருகிறது.

பத்துப் பதினைந்து சமன்பாடுகள் இருந்தால் கண்பார்வை போதாது. சமன்பாட்டுக்கு ஒரு நிரை, பொருளுக்கு ஒரு நிரல் என்று அணி எழுதுங்கள். விளைபொருளின் கெழு கூட்டல் குறியோடு, வினைபடுபொருளின் கெழு கழித்தல் குறியோடு. பிறகு கணக்கு வகுப்பில் செய்ததுபோல நிரைகளைச் சுருக்குங்கள். முழுக்கப் பூஜ்யமாகாமல் நிற்கும் நிரைகளின் எண்ணிக்கைதான் அணித்தரம். சாராத சமன்பாடுகளும் அத்தனையே. அதற்கு முன் ஒரு வேலை மிச்சம் பிடிக்கலாம். ஒரே ஒரு சமன்பாட்டில் மட்டும் தலைகாட்டும் பொருள் ஏதாவது உண்டா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சமன்பாட்டை மற்றவற்றிலிருந்து பெறவே முடியாது. அதைத் தனியே எண்ணி எடுத்து வைத்துவிடலாம்.

இன்னொரு குறுக்குவழியும் மாணவர்களிடையே புழங்குகிறது: பொருள்களின் எண்ணிக்கையிலிருந்து தனிமங்களின் எண்ணிக்கையைக் கழித்தால் விடை என்பது. பல இடங்களில் சரியாக வரும், அதனாலேயே எனக்கு இதன்மேல் கவலை அதிகம். உங்கள் கணக்கில் பொருள் 5. தனிமம் கால்சியம், கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என 4. விடை 1 என்று வரும், அது தப்பு. காரணம், இந்த ஐந்து பொருளிலுமே ஆக்சிஜன் அணுக்களின் எண்ணிக்கை மற்ற மூன்றால் தீர்மானமாகிவிடுகிறது: கால்சியத்துக்கு 1, கார்பனுக்கு 2, ஹைட்ரஜனுக்கு அரை. கார்பனேட்டில் 1 + 2 = 3, ஹைட்ராக்ஸைடில் 1 + 1 = 2; மற்றதையும் சரிபாருங்கள். ஆகவே எந்தப் பொருளில் எந்தத் தனிமத்தின் அணு எத்தனை என்று எழுதும் தனிம அணியின் தரம் 4 அல்ல, 3. ஐந்தில் மூன்று போக 2. கழிக்க வேண்டியது தனிமங்களின் எண்ணிக்கையை அல்ல, தனிம அணியின் தரத்தை.

சரி, ப்ராஜெக்டில் என்ன செய்வது? மொத்தப் பொருள் கணக்குக்கு இரண்டு சமன்பாடு மட்டும் வையுங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு நடந்தது என்பதற்கு மூன்றுக்கும் தனித்தனி மாறி வைத்தால், மூன்றிலும் ஒரே அளவைக் கூட்டினாலும் கலவை மாறாது. விடை ஒன்றாக நிற்காது. ஆனால் பூச்சு இறுக எத்தனை மாதம் என்ற வேகக் கணக்கு எழுதும்போது மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். அங்கே சுவரில் நிஜமாக நடப்பது அதுதான்.