பல்லுக்குப் போட்ட ஊசியோட மரப்பு ரெண்டு நாளாகியும் போகல, பயப்படணுமா?

கீழ்க் கடவாப்பல்லுக்குத்தானே ஊசி போட்டாங்க? மேல்பல்லுன்னா இது ரொம்ப அபூர்வம். கீழ, வாயோட கடைசில தாடை எலும்பு ஓரமா ஆழமா போடுறாங்களே அந்த ஊசிதான் பாதி உதடு பாதி நாக்குன்னு சேர்த்து மரக்க வைக்கும். வழக்கமா மூணுலேந்து அஞ்சு மணி நேரம்தான். ரெண்டு நாளாகியும் இருக்குன்னா மருந்து எப்பவோ போயாச்சு, நரம்பு எங்கயோ சீண்டப்பட்டிருக்குன்னு அர்த்தம்.

எனக்கு ரூட் கேனாலுக்கு ஊசி போட்டப்போ நாக்கு நுனி வரைக்கும் சுரீர்னு கரண்ட் பாய்ஞ்சுது, கத்தவே கத்திட்டேன், டாக்டர் "ஒண்ணுமில்லம்மா, வாயை நல்லா தொறங்க"ன்னுட்டார். மறுநாள் காபில இடதுபக்கம் சூடும் தெரியல, சர்க்கரையும் தெரியல. ரசஞ்சாதம் சாப்ட்டு வாய் கொப்பளிச்சா வாஷ்பேசின்ல ரத்தம், நாக்கைக் கடிச்சிருக்கேன், வலிக்கவே இல்ல. கிளினிக்குக்கு போன் போட்டா ரிசப்ஷன் பொண்ணு "அது உங்க மனப்பிரமை மேடம்"ங்குது. மனப்பிரமைல ரத்தம் வருமா?

அப்புறம் வேற ஒரு ஓரல் சர்ஜன்கிட்ட போனேன். கண்ணை மூடச் சொல்லி பஞ்சாலயும் ஊசிமுனையாலயும் தொட்டுத் தொட்டுப் பாத்து, எதுவரைக்கும் மரத்திருக்குன்னு கேஸ் ஷீட்ல படமாவே போட்டார். பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள்ள திரும்பிடும், சிலருக்குத்தான் இழுக்கும்னார். மெத்தில்கோபாலமின்னு ஒரு பி12 வைட்டமின் எழுதிட்டு இதுக்கு கேரண்டி இல்லன்னும் அவரே சொன்னார். கொஞ்ச நாள்ல எறும்பு ஊருற மாதிரி இருந்துச்சு, அது நல்ல அறிகுறியாம், அப்புறம் மெல்ல ருசியும் வந்துச்சு.

உடனே டாக்டருங்கள திட்டறேன்னு சண்டைக்கு வராதீங்க, எங்க நாத்தனார் பொண்ணே பல் டாக்டர்தான். எவ்ளோ கைதேர்ந்தவங்களுக்கும் நடக்கும், நரம்பு கண்ணுக்குத் தெரியாத இடம். டாக்டருங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான், பேஷன்ட் மரத்திருக்குன்னு சொன்னா அதை தேதியோட எழுதி வைங்க. நீங்களும் போய் எழுதச் சொல்லுங்க, என்ன மரப்பு மருந்து போட்டாங்கன்னும் கேளுங்க, லிக்னோகெயின் 2 சதவீதம்தான் இங்க வழக்கம், 4 சதவீத ஆர்ட்டிகெயின்ல இந்தப் புகார் கொஞ்சம் அதிகம்பாங்க. உணர்ச்சி வர்ற வரைக்கும் ஆறவெச்சு சாப்டுங்க, மறுபக்கமா மெல்லுங்க. யாராவது கிராம்பு எண்ணெய் தடவச் சொன்னா வேணாம், வெந்து போனாக்கூட தெரியாது.

இதுக்கான செலவு பூரா என் கைக்காசு. வருஷா வருஷம் இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டறோம், கேட்டா பல்லு கவர் ஆகாதாம், விபத்துல உடைஞ்சு அட்மிட் ஆனாத்தான் தருவாங்களாம். பல்லு என்ன உடம்புல இல்லாம பீரோலயா இருக்கு?