கண்ணில் வாயு இருக்கும்போது நுவரெலியாவுக்கு ஏறலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. விழித்திரை விலகியதால் கொழும்பில் ஒபரேஷன் செய்து பத்து நாளாகிறது. கண்ணுக்குள் வாயு வைத்திருக்கிறார்களாம். பார்வையின் கீழ்ப்பக்கம் கறுப்பாக ஏதோ தளும்புகிறது என்கிறார். வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரே அழுகை. வேனில் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போகலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அழுதாலும் இன்னும் கொஞ்ச நாள் கொழும்பிலேயே வைத்திருங்கள்.

தளும்புவது வாயுக் குமிழியின் விளிம்பு. குமிழி கண்ணுக்குள் மேலேதான் மிதக்கிறது. விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுவதால் கீழே தெரிகிறது. வாயு கரையக் கரைய அந்தக் கோடு இறங்கி, சின்ன உருண்டையாகி மறையும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பயணம்தான் ஆபத்து. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெளியே அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். கண் பலூன் மாதிரி விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, விழித்திரைக்கு இரத்தம் போவது நின்றால் பார்வை நிரந்தரமாகவே போய்விடலாம். ரயிலில் போனாலும் உயரம் அதேதான்.

இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. நுவரெலியாவுக்கு ஏறும் வழியில் ரம்பொடை வளைவுகளில் யாராவது வாந்தி எடுத்தால், 'வேன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிடுவோம். கண்ணில் வாயு உள்ளவருக்குக் கண்வலி, தலைவலி, வாந்தி சேர்ந்து வந்தால் அது கண் அழுத்தமாக இருக்கலாம். யாராவது தெரியாமல் ஏறி இப்படி ஆனால், உடனே கீழே இறங்கி, கண் டொக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்த வாயு என்று வார்டில் கேளுங்கள். எஸ்.எஃப். 6 என்றால் இரண்டு, மூன்று வாரம். சி3எஃப்8 என்றால் இரண்டு மாதம்வரை நிற்கும். நாட்களை எண்ணிப் புறப்பட வேண்டாம்; கிளினிக்கில் கண்ணைப் பார்த்து, வாயு முழுதாகப் போய்விட்டது என்று டொக்டர் சொல்ல வேண்டும். சிலருக்கு வாயுவுக்குப் பதில் சிலிக்கன் எண்ணெய் வைப்பார்கள். எண்ணெய் உயரத்தில் விரியாது.

அதுவரை மல்லாந்து படுக்க விட வேண்டாம். தலையை வைக்கச் சொன்ன விதத்திலேயே வைக்கட்டும். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால், கண்ணில் வாயு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஒக்சைட் வாயுவும் குமிழியைப் பெருக்கும்.

அப்புறம், இந்த வயதில் ஓரிரு வருடத்தில் அதே கண்ணில் புரை வளர்வது மிகச் சாதாரணம், அதை எடுத்துவிடலாம். ஆனால் திரை விழுவதுபோல் மறைத்தாலோ, மின்னல் வெட்டினாலோ, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.