1281 சாமுராய் பொம்மைக்கு வாளின் கூர் மேலேயா, கீழேயா?

கீழே. நீங்கள் செதுக்கும் 75 மி.மீ. உருவம் 1281-இல் ஜப்பான் மீது நடந்த மங்கோலியப் படையெடுப்புக் காலத்து வீரன் என்றால், இடுப்புக் கச்சையில் கூர் மேல்நோக்கிச் செருகிய கட்டானா என்ற பிற்கால வாள் அவனுக்குப் பொருந்தாது. அவன் வைத்திருந்தது தாச்சி, இடப்பக்கம் கயிறு கட்டித் தொங்கவிடும் நல்ல வளைவுள்ள வாள், அதன் கூர் தரையைப் பார்த்துத்தான் இருக்கும்.

நீங்கள் பார்த்துச் செய்த படங்கள் 1600 செகிகஹாரா போரையொட்டிய கவசமாகவோ அதற்குப் பின் வந்த எடோ காலத்து உடையாகவோ இருந்திருக்கும், அநேகமாக எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான் (என் முதல் உருவத்துக்கு முதுகில் கொடியே நட்டுவிட்டேன், அது 300 வருஷம் பிந்தைய வழக்கம்).

சரிபார்க்க, உருவத்தின் வலது விலாவைப் பாருங்கள். குதிரை வில்லாளியின் ஓ-யொரோய் கவசம் முன், இடது, பின் பக்கங்களைச் சுற்றி வந்து வலப்பக்கம் திறந்திருக்கும், அந்த இடைவெளியை மூடுவது வைதாதே என்ற தனித்துண்டு. இரண்டு விலாவும் ஒரே மாதிரி இருந்தால் வாளோடு கவசத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். அப்புறம், கையில் வில் இருக்கட்டும், அதுதான் அவனுடைய முதல் ஆயுதம்.

அந்தப் படையெடுப்பை எதிர்த்துப் போரிட்ட சாமுராய் தக்கெசாக்கி சுவெனாகா வரையச் செய்த படச்சுருளை முன்னால் வைத்துக்கொண்டு செதுக்குங்கள். ஆனால் அதில் வெடிகுண்டு வெடிக்கும் காட்சியின் சில பகுதிகள் பிற்காலத்தில் சேர்த்தவை என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு, அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்காதீர்கள்.