சுமைதாங்கிக் கல்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். மாமியாருக்கு முதுகும் முட்டியும் இறுகிப் போய்விட்டன. போர் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடுதான் காரணம் என்றார் டாக்டர். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமைதான் வருவார். இரவில் மூன்று தடவை எழுந்து அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன். வீட்டுக்கு வந்த ஜெபக்குழுவினர், மறைவான பாவம் ஏதோ இருக்கிறது, விசுவாசம் இருந்தால் சுகம் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அத்தை ஜெபமாலையைத் தொடவில்லை. எனக்கும் பல இரவுகளில் எரிச்சல்தான் வருகிறது, பக்தி வரவில்லை. துன்பத்தில் நம்பிக்கையோடு இருப்பது என்றால் என்ன?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

முதலில் தண்ணீரைப் பேசிவிடுவோம். நம் பக்கத்துப் பாறையில் இருக்கும் ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்க ஆகாது. சிறு வயதில் குடித்தால் பல்லில் கறை விழும், ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தண்ணீர் விட்டார்கள். உங்கள் அத்தை குடம் தூக்கிய வயதில் அது ஏது? பாவ அறிக்கை செய்ய வேண்டுமானால் அந்தப் பாறைதான் செய்ய வேண்டும்.

பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டிச் சீடர்களும் இதையேதான் கேட்டார்கள். பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா? இரண்டுமில்லை என்றார் இயேசு. யோவான் ஒன்பதாம் அதிகாரம். குழுவினர் மறுபடி வந்தால் டீ கொடுத்து உட்கார வைத்து, அந்தப் பகுதியை அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அத்தை காதில் விழட்டும்.

நீங்கள் கேட்ட சொல்லுக்கு வருகிறேன். பழைய பைபிளில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. இப்போது பூசையில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் விசுவாசம் 'நம்பிக்கை' ஆகிவிட்டது, பழைய நம்பிக்கை 'எதிர்நோக்கு' ஆகிவிட்டது. இந்த இடமாற்றத்தில் நம்மில் பாதிப் பேர் குழம்பித்தான் கிடக்கிறோம். ஆனால் எதிர்நோக்கு நல்ல சொல். எதிரே எதுவும் தெரியாதபோதும் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பது. சுகம் வந்தே தீரும் என்று அடித்துச் சொல்வதற்கும் அதற்கும் வெகு தூரம்.

உரோமையருக்கு எழுதும்போது பவுல் துன்பத்திலிருந்து நேராக எதிர்நோக்குக்குத் தாவுவதில்லை, நடுவில் இரண்டு படிகளை வைக்கிறார். புதிய மொழிபெயர்ப்பு முதல் படியை 'மனவுறுதி' என்கிறது. எனக்குப் பழைய 'பொறுமை'தான் பிடிக்கும். பொறுத்தல் என்றால் தாங்குதல். பொறை என்றால் பாரம். வயிற்றுப் பிள்ளையும் பொறைதான், பிள்ளை பெறுவதைப் பொறையுயிர்த்தல் என்றார்கள். கிரேக்க மூலச் சொல்லுக்கும் அடியில் தங்கி நிற்பது என்றுதான் பொருள். ஆக, எரிச்சல் படாமல் இருப்பதல்ல பொறுமை. எரிச்சலோடும் நீங்கள் இரவு மூன்று தடவை எழுந்தீர்களே, அது.

பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். நிற்க வைத்த இரண்டு கல், மேலே படுக்க வைத்த ஒரு பலகைக் கல். தலைச்சுமைக்காரர் யார் கையையும் எதிர்பார்க்காமல் பாரத்தை அதன்மேல் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம், மறுபடி தானாகவே தூக்கிக்கொள்ளலாம். பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடே இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடும் வழக்கம் இருந்தது. ஒருத்தி இறக்கி வைக்க முடியாத பாரம், முகம் தெரியாத ஆயிரம் பேர் இறக்கி வைக்க இடமாகியது. சிலுவையைப் பற்றி நான் கேட்ட எத்தனையோ பிரசங்கங்களைவிட அந்தக் கல் எனக்கு அதிகம் விளங்க வைத்திருக்கிறது. கல் யாருடைய சுமையையும் காணாமல் ஆக்குவதில்லை. கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்கிறது.

என் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த நாட்களில் ஆறுதல் சொல்ல நிறையப் பேர் வந்தார்கள். என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூட நினைவில்லை. புளி தட்டப் போகும் ஒரு பாட்டி மட்டும் வாரம் ஒருமுறை வந்து அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டுப் போவார். விரலெல்லாம் புளி வாசம் அடிக்கும். பைபிளில் எல்லாம் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்களும் அப்படித்தான்: ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்தபிறகு கெட்டது.

சிலுவைப்பாதையில் ஐந்தாம் நிலையை இந்த முறை நின்று பாருங்கள். இயேசுவின் சிலுவையைச் சுமந்த சீமோன் வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவர். யாரும் விருப்பம் கேட்கவில்லை, பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். அந்த நேரத்தில் அவருக்குப் பக்தி வந்ததாக எந்த நற்செய்தியிலும் இல்லை. அவருக்கும் எரிச்சலாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். இருந்தும் மாற்கு அவர் பெயரோடு அவருடைய இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து எழுதி வைத்தார்.

அப்புறம் ஒரு வேலை. குடிக்க மட்டுமல்ல, சோறு ஆக்கவும் களி கிண்டவும் போர் தண்ணீர் வேண்டாம், ஒகேனக்கல் தண்ணீரையே எடுங்கள். இறுகிய எலும்பு பெரும்பாலும் பழையபடி ஆகாது, ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு இது வராமல் இருக்கும்.

சனிக்கிழமை இரவு அத்தையைத் திருப்பிப் படுக்க வைப்பது உங்கள் கணவர் வேலை. இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். ஞாயிறு காலை முதல் பூசையைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் சாமியார் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். தூங்குங்கள்.