இரண்டு விடைகளுக்கு நடுவே தவிக்கும் அம்பாசமுத்திரம் தம்பிக்கு

தம்பி, சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டின் (CLAT) தர்க்கப் பகுதியில், ஒரு வாதத்தின் அனுமானம் எது என்று கேட்கும்போது நான்கு விடைகளை இரண்டாகக் குறைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். முதலில் முடிவு எது, காரணம் எது என்று பிரியுங்கள். "பாபநாசம் அணையைத் திறந்தால் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வரும். இன்று தண்ணீர் ஓடுகிறது; ஆகவே அணையைத் திறந்துவிட்டார்கள்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இரவு பெய்த மழையாலும் தண்ணீர் ஓடலாமே! இந்த வாதம் வெளியே சொல்லாமல் நம்பியிருக்கும் அனுமானம், 'வேறு வழியில் தண்ணீர் வராது' என்பது. அது பொய் என்று வைத்து மறுத்துப் பாருங்கள், வாதம் சரிந்துவிடும். அனுமானம் அல்லாத இன்னொரு விடையை மறுத்தால் வாதம் அசையாது. அவ்வளவுதான் சோதனை.

தேர்வில் 120 கேள்விக்கு 120 நிமிடம். தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் போகும். இரண்டில் ஒன்று என்ற நிலை வந்துவிட்டால் பயப்படாமல் குறித்துவிட்டு நகருங்கள்.