சிலோன் ஆஸ்பத்திரியும் நம் லயங்களும்: டாக்டர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியவை. மற்றவையும் சேர்த்து நான்கு இங்கே.

எனக்கு 70 வயது. இந்தியரின் சராசரி ஆயுள் 72 என்று படித்தேன். அப்படியென்றால் இன்னும் இரண்டே வருடமா, டாக்டர்? (ஊட்டி)

பயப்படாதீர்கள். அது இன்று பிறக்கும் குழந்தைக்குப் போடும் கணக்கு. ஒருவர் 1 வயதில் இறந்து, இன்னொருவர் 81 வரை வாழ்ந்தால் சராசரி 41. ஆனால் 41-ல் யாருமே சாகவில்லை, பாருங்கள். 60 வயதை எட்டிய இந்தியருக்கு மேலும் 18 வருடம் போல எதிர்பார்க்கலாம். பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மகன் அமெரிக்காவில். இன்சூரன்ஸுக்கே பெரிய தொகை கட்டுகிறான். இவ்வளவு செலவழித்தும் ஜப்பான்காரர்தான் அதிக நாள் வாழ்கிறாராமே? (குன்னூர்)

ஆமாம். அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குக் கொட்டுகிறது. ஆயுளோ 2023-ல் 78 சொச்சம்; ஜப்பானில் 84. ஒரு காரணம் விலை: அதே மருந்து, அதே ஸ்கேன் அங்கே பல மடங்கு. இன்னொன்று, ஆஸ்பத்திரிக்கு வெளியே நடக்கும் சாவுகள். போதை மருந்து மிகையாகி 2022-ல் மட்டும் லட்சத்துக்கு மேல் இறந்தார்கள். துப்பாக்கி, சாலை விபத்து வேறு. முன் பதிலில் சொன்ன கணக்குத்தான்: சின்ன வயதுச் சாவு சராசரியைப் பலமாகக் கீழே இழுக்கும். ஜப்பானில் 1961 முதல் எல்லோருக்கும் காப்பீடு உண்டு.

அம்மா சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் (தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் இரு நாடுகளும் செய்தது) கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். "சிலோன்ல ஆஸ்பத்திரிக்குக் காசே கிடையாது" என்பார். ஆனால் அங்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்த என் அக்கா கைக்குழந்தையாகவே போய்விட்டாள். எதை நம்புவது? (கோத்தகிரி)

இரண்டையும் நம்புங்கள். இலங்கை 1951-லேயே அரசு ஆஸ்பத்திரிக் கட்டணத்தை எடுத்துவிட்டது. அதற்கும் முன்பு, 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில், பயிற்சி பெற்ற மருத்துவிச்சி வீடு தேடிப் போனார். பெண்கள் படித்தார்கள். 1950 வாக்கில் லட்சம் பிரசவத்துக்கு 500 தாய்மாருக்கு மேல் இறந்த நாட்டில் இன்று அது 40-க்கும் கீழே. பணக்கார நாடாகாமலே சாதித்தது இது. எனக்கு அந்த நாட்டின் மேல் மரியாதை உண்டு.

ஆனால் உங்கள் அம்மா இருந்த லயம் அந்தக் கணக்குக்குள் சரியாக வரவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. அவர்களின் வைத்தியம் பல காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. அந்தக் காலத்தில் தோட்டங்களில் சிசு மரணம் தேசிய சராசரியைவிட வெகு அதிகமாக இருந்தது. உங்கள் அக்கா அந்த எண்ணிக்கையில் ஒருத்தி.

இங்கேயும் அப்படித்தான். 2018–20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழகத்தில் 54. பெருமைதான். ஆனால் 54 என்பது சென்னையையும் நம் நீலகிரியின் பந்தலூர்க் காட்டோரக் குடிசையையும் ஒரே கூடையில் போட்ட எண். நீலகிரி ஆதிவாசிகளிடம் சிக்கிள் செல் இரத்தசோகை (இரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) 1952-லேயே கண்டறியப்பட்டது, இந்தியாவிலேயே முதலாவதாக. மாநிலச் சராசரியில் அதைத் தேடினால் கிடைக்காது. அடுத்த முறை யாராவது இரண்டு நாட்டை ஒப்பிட்டால், அந்த நாட்டின் எந்த மூலை என்று கேளுங்கள்.

மகள் இங்கிலாந்தில் நர்ஸ். மூட்டு ஆபரேஷனுக்கு மாசக்கணக்கில் காத்திருக்கிறார்களாம். இதுதான் இலவச வைத்தியமா? (கூடலூர்)

மகள் சொல்வது சரி. 1948 ஜூலை 5-ல் தொடங்கிய அவர்களின் தேசிய சுகாதாரச் சேவையில், இங்கிலாந்தில் மட்டும் காத்திருக்கும் சிகிச்சைகளின் பட்டியல் 70 லட்சத்தைத் தாண்டியது. மாரடைப்புக்கு இந்த வரிசை கிடையாது; மூட்டுக்கு உண்டு. நம்மிடம் அப்படியொரு பட்டியலே இல்லை. காசில்லாதவர் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுகிறார், அவரை யாரும் எண்ணுவதில்லை.